பாரிஸில் பேஸ்ட்ரி வகுப்பு: பள்ளியைத் தேடும் முன் பலகாரத்தை முடிவு செய்யுங்கள்

பாரிஸ் போகிற நம்மவர்களில் பலர் இப்போது பயணத்தில் ஓர் அரை நாளை ஒதுக்கி, பேஸ்ட்ரி வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று படம் எடுப்பது வேறு, அந்த மாவை ஒருமுறையாவது கையால் தொட்டுப் பார்ப்பது வேறு. கையால் செய்து பார்த்தவருக்கு அதன் பிறகு அந்த ஊரின் ஒவ்வொரு பேக்கரியிலும் பார்க்க ஏதாவது இருக்கும்.

ஆனால் வகுப்பு தேட உட்கார்ந்தால் தலை சுற்றும். இரண்டு மணி நேர வகுப்பும் உண்டு, ஐந்து நாள் வகுப்பும் உண்டு. கட்டணம் சில பத்து யூரோவில் தொடங்கிப் பல நூறு யூரோ வரை போகிறது. படங்களோ எங்கும் ஒன்றுதான்: வெள்ளை ஏப்ரன், மாவு படிந்த கை, தட்டு நிறையப் பொன்னிறக் குரோசான். கடைசியில் பள்ளியின் பெயரைப் பார்த்தோ, நட்சத்திரங்களை எண்ணியோ பணம் கட்டிவிடுகிறோம்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எங்கே கற்பது என்பதைத் தள்ளி வையுங்கள். எதைக் கற்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு பலகாரமும் தனக்கென்று ஒரு நேரம் கேட்கும். வகுப்பின் நேரத்துக்குள் அது அடங்கினால் தொடக்கம் முதல் முடிவு வரை உங்கள் கையால் செய்யலாம். அடங்காவிட்டால் பாதி வேலையை வேறு யாரோ முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு வீட்டில் செய்ய வருமா வராதா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது.

குரோசான்: எல்லாரும் கேட்பது, அரை நாளில் அடங்காதது

பயணிகள் அதிகம் விரும்பிக் கேட்பது, வெண்ணெய் அடுக்குகளோடு பிறை போலச் சுருட்டிச் சுடும் குரோசானின் வகுப்பு. அதன் வேலைகளை வரிசையாகப் பார்த்தாலே சிக்கல் புரியும். மைதா, பால் அல்லது தண்ணீர், ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து மாவு பிசைய வேண்டும். அந்த மாவு குளிர்சாதனப் பெட்டியில் பல மணி நேரம், நல்ல பேக்கரிகளில் ஓர் இரவு முழுக்க, ஓய்வெடுக்க வேண்டும். மறுநாள் சதுரமாகத் தட்டிய வெண்ணெயை மாவுக்குள் வைத்து மூட வேண்டும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடித்து, அரை மணி நேரம் குளிர வைத்து, மீண்டும் தேய்த்து மடிக்க வேண்டும். இப்படி மூன்று முறை மடித்தால் 27 வெண்ணெய் அடுக்குகள் கிடைக்கும். பிறகு முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, 25 டிகிரி அளவில் சுமார் இரண்டு மணி நேரம் பொங்க விட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓவன்.

இரவு ஓய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அப்படியானால் மூன்று மணி நேர வகுப்பு எப்படி நடக்கிறது? நேற்றே பிசைந்து வைத்த மாவை எடுத்துத் தருவார்கள். நீங்கள் மடிப்பீர்கள். அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்துக் குளிர வைத்த வேறொரு மாவைக் கொடுப்பார்கள். அதை வெட்டிச் சுருட்டுவீர்கள். பொங்குவதற்கு நேரம் போதாவிட்டால், முன்பே பொங்கிய மூன்றாவது தட்டு ஓவனுக்குள் போகும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, மாவின் இயல்பு அப்படி. நல்ல ஆசிரியர்கள் வகுப்பின் ஆரம்பத்திலேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கற்பவருக்கு இதனால் ஓர் இழப்பு இருக்கிறது. குரோசானின் முழு வித்தையும் மாவும் வெண்ணெயும் ஒரே பதத்தில் இருப்பதில் அடங்கியிருக்கிறது. வெண்ணெய் அதிகம் குளிர்ந்திருந்தால் தேய்க்கும்போது உள்ளே துண்டு துண்டாக உடையும். கட்டையை உருட்டும்போதே மாவின் மேல் மெல்லிய வெடிப்புகள் போல அது தெரியும். இளகிவிட்டால் மாவோடு கலந்து அடுக்கே இல்லாமல் போய், ஓவனில் நெய் ஒழுகி, அடியில் பொரிந்த ரொட்டி மாதிரி வரும். வெண்ணெய் 14 முதல் 16 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் மாவோடு சேர்ந்து வளையும். மடிப்புக்கு மடிப்பு ஒரே மாவைத் தொட்டுக்கொண்டே வந்தால்தான் இந்தப் பதம் கைக்குப் பழகும். வேறு வேறு மாவுகளை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டவருக்கு ‘எப்போது நிறுத்த வேண்டும்’ என்ற அந்த உணர்வு பிடிபடாது.

நம் ஊர்ச் சூழலும் இதில் உண்டு. பிரான்சில் உப்பில்லாத வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 82 சதவீதம். அடுக்கு மாவுக்கென்றே 84 சதவீத வெண்ணெயைத் தகடாகச் செய்து விற்கிறார்கள். மேற்குப் பிரான்சின் ஷரான்த்-புவாத்தூ பகுதி வெண்ணெய்க்கு இதில் தனிப் பெயர். நம் கடை வெண்ணெய்க்குச் சட்டப்படி 80 சதவீதம் போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அடுக்கு மாவுக்கான வெண்ணெயைவிட அது சீக்கிரம் இளகும். இதோடு மே மாதச் சென்னையின் அடுப்படியையும் சேர்த்து யோசியுங்கள். ஏசி அறையில், அதிகாலையில், மடிப்புக்கு மடிப்பு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துச் செய்தால் வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுமைக்குத் தயாராக இருப்பவர்கள்தான் குரோசான் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர்கள் பாக்கியவான்கள்.

குரோசான்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் இரண்டு நாள் வகுப்பைத் தேடுங்கள். முதல் நாள் பிசைவது, மறுநாள் மடித்துச் சுருட்டிச் சுடுவது. கட்டணம் கூடுதலாக இருக்கும், பயணத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் போகும். ஆனால் அதுதான் உண்மையான குரோசான் வகுப்பு.

ஷூ மாவு: நான் முதலில் பரிந்துரைப்பது

ஒரே ஒரு அரை நாள்தான் இருக்கிறது, வீட்டில் திரும்பச் செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் என் பதில் தயங்காமல் ஷூ மாவு, அதாவது அடுப்பில் கிளறி முட்டை சேர்த்து, சுடும்போது உள்ளே கூடாகப் பொங்கும் மாவு. நீளமான எக்லேர், குட்டி உருண்டையான ப்ரோஃபிட்ரோல், வளையமான பாரி-பிரெஸ்ட் எல்லாம் இந்த ஒரே மாவிலிருந்து பிறப்பவை. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் 1891இல் தொடங்கியது. அதை நினைவுகூர 1910இல் மேசோன்-லஃபீத் ஊரின் பேஸ்ட்ரிக்காரர் லூயி துராண்ட் சக்கர வடிவில் செய்ததுதான் பாரி-பிரெஸ்ட் என்று சொல்வார்கள். நடுவில் வைக்கும் பிரலினே கிரீமுக்காகவே (சர்க்கரைப் பாகில் வறுத்த கொட்டைகளை அரைத்துச் சேர்த்தது) அதைக் கற்கலாம்.

செய்முறை நம் கைக்குப் பழக்கமானது. தண்ணீர், பால், வெண்ணெய், உப்பு கொதித்ததும் மைதாவை ஒரே தடவையில் கொட்டி, கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுவது போல அடுப்பிலேயே கிளற வேண்டும். மாவு திரண்டு உருண்டையாகி, பாத்திரத்தின் அடியில் மெல்லிய ஏடு படியும். அந்த ஏடுதான் அடையாளம்: ஈரம் போதுமான அளவு போய்விட்டது. பிறகு மாவைக் கொஞ்சம் ஆறவிட்டு முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முட்டையும் சேரும்போது மாவு முதலில் பிரிந்து வழுக்கும், கிளறக் கிளற மீண்டும் சேரும். கரண்டியைத் தூக்கினால் மாவு மெதுவாக இறங்கி, நுனியில் முக்கோணமாகத் தொங்கி நிற்க வேண்டும். அது சொட்டினால் முட்டை கூடிவிட்டது, உடைந்து விழுந்தால் குறைவு.

இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று ‘இன்னும் அரை முட்டை’ என்றோ ‘போதும், நிறுத்துங்கள்’ என்றோ சொல்ல வேண்டும். ஆசிரியருக்குப் பணம் கொடுப்பது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். இந்தப் பதத்தைக் கையால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

மாவு அரை மணி நேரம், சுடுவது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், ஆறுவதற்குள் உள்ளே வைக்கும் கிரீமைக் காய்ச்சிக் குளிர வைக்கலாம். மேலே சாக்லேட் தோய்த்து முடிக்கும்போது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். எந்தக் கட்டத்திலும் ‘முன்பே செய்து வைத்தது’ தேவைப்படாது. இந்த மாவு பொங்குவதற்குக் காரணம் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாவதுதான், ஈஸ்ட்டும் பேக்கிங் பவுடரும் இல்லை. அதனால் சென்னை வெயில் இதை ஒன்றும் செய்யாது. மைதா, வெண்ணெய், முட்டை, பால் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். சின்ன ஓடிஜி போதும். பாதியில் கதவைத் திறக்காமல் இருந்தால் சரி. திறந்தால் ஆவி போய், பொங்கியது அமுங்கிவிடும்.

மக்கரோனும் டார்ட்டும்

இரண்டு வட்ட ஓடுகளுக்கு நடுவே கிரீம் வைத்த மக்கரோனுக்கான வகுப்புகள் பாரிஸில் ஏராளம், காரணமும் புரிகிறது. நிறம், அழகு, பெட்டியில் போட்டு எடுத்துப் போகும் வசதி எல்லாம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் முழுதாகவும் செய்யலாம். பாதாம் பொடி, ஐசிங் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் போதும். வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து அடிப்பது ஒரு வழி. 118 டிகிரிக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை மெல்லிய தாரையாக ஊற்றி அடிப்பது இன்னொரு வழி. எந்த வழி என்று முன்பே கேளுங்கள். பாகு முறைக்கு வெப்பமானி வேண்டும், ஆனால் முடிவு நிலையாக வரும். வீட்டில் தொடர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கு அதுவே மேல்.

நம் கடற்கரை ஊர்களில் இதற்கு ஒரு தடை உண்டு. வட்டமாகப் பிழிந்த மாவு அரை மணி நேரம் காற்றில் உலர்ந்து, தொட்டால் ஒட்டாத தோல் பிடித்த பிறகுதான் ஓவனுக்குப் போக வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் ஒரு மணி நேரமானாலும் தோல் பிடிக்காது. ஏசி அறையில் வைத்தால் தீர்ந்தது. இன்னொன்று, செய்த அன்றே சாப்பிட்டால் ஓடு மொறுமொறுவென்று தனியாக நிற்கும். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் இருந்த பிறகுதான் உள்ளிருக்கும் கனாஷின் (சாக்லேட்டும் கிரீமும் கலந்தது) ஈரம் ஓட்டுக்குள் இறங்கிச் சுவை சேரும். வகுப்பில் சாப்பிட்டுவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

எலுமிச்சை டார்ட், அதாவது மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் எலுமிச்சைக் கிரீம் நிரப்பியது, அதற்கான வகுப்பு அதிகம் பேசப்படாத நல்ல தேர்வு. மாவைக் குளிர வைப்பது, வளையத்தில் படிய வைப்பது, தனியாகச் சுடுவது, எலுமிச்சைக் கிரீம் காய்ச்சுவது என்று நான்கு அடிப்படைகள் ஒரே பலகாரத்தில் வந்துவிடும். மூன்றரை மணி நேரத்துக்குக் குறைவான வகுப்பென்றால் அவசரமாகத்தான் போகும்.

யாரிடம் கற்பது

பலகாரம் முடிவானால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது.

பயணிகளுக்கென்றே ஆங்கிலத்தில் நடக்கும் சிறு பள்ளிகள் முதல் வகை. செய்ன் நதிக்கரையில் ஓத்தெல் தெ வீல் என்ற நகர மன்றக் கட்டடம் அருகே இருக்கும் லா குயிசின் பாரி, மோன்மார்த்ர் பக்கம் உள்ள குக்ன் வித் கிளாஸ் போன்றவை இந்த வகையில் நீண்ட நாட்களாக நடப்பவை. மூன்று மணி நேர வகுப்புக்குக் கட்டணம் 100 யூரோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மொழிச் சிக்கல் இல்லை, செய்முறைத் தாள் கிராம் கணக்கில் கிடைக்கும், வெளியூர்க்காரர்களின் கேள்விகள் அவர்களுக்குப் பழகியவை. பிரான்சின் மைதாப் பாக்கெட்டில் இருக்கும் டி45, டி55 எண்களுக்கு நம் ஊரில் எது ஈடு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் தனி மாவா, இரண்டு பேருக்கு ஒன்றா? ஆறு பேருக்கு மேல் போனால் ஆசிரியரின் கண் உங்கள் பாத்திரத்துக்கு வந்து சேர நேரமாகும். இருவருக்கு ஒரு மாவு என்றால், தம்பதியாகப் போகிறவர்களில் ஒருவர் கிளறுவார், மற்றவர் பார்ப்பார்.

இரண்டாவது வகை பெயர்பெற்ற பெரிய பள்ளிகள். லெ கோர்தோன் ப்ளூ 1895இல் மார்த் திஸ்தெல் என்ற பத்திரிகையாளர் நடத்திய சமையல் இதழிலிருந்து பிறந்தது. இப்போது பாரிஸ் நகரப் பிரிவுகளில் 15ஆம் வட்டாரத்தில், செய்ன் கரையில், பெரிய கட்டடத்தில் இருக்கிறது. தொழில்முறைப் பட்டயப் படிப்புகளோடு, பொதுமக்களுக்கான அரை நாள், ஒரு நாள், சில நாள் வகுப்புகளும் உண்டு. 6ஆம் வட்டாரத்தில் இருக்கும் ஃபெராண்டி 1920இல் தொடங்கியது, பாரிஸ் வணிகச் சபையின் நிர்வாகத்தில் நடப்பது. பிரெஞ்சுக்காரர்களே தங்கள் பிள்ளைகளைத் தொழில் கற்க அனுப்பும் இடம் அது.

இவற்றில் கிடைப்பது ஒழுங்கு. கத்தியை எங்கே வைப்பது, மேசையை எப்போது துடைப்பது, எடை போட்டதை எந்த வரிசையில் அடுக்குவது என்பதெல்லாம் பயிற்சியின் பகுதி. தொழிலுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்களுக்கு அந்தச் சூழலில் ஒரு நாள் நின்று பார்ப்பது விலைமதிப்பற்றது. ஆனால் வீட்டுக்காகக் கற்பவர்களுக்கு அங்கே எல்லாமே வீட்டில் இல்லாதவை: குளிர்ந்த பளிங்கு மேசை, நிமிடங்களில் உறைய வைக்கும் பெட்டி, மாவைத் தேய்த்துத் தரும் மெஷின், ஆவி விடும் ஓவன். அவற்றில் அழகாக வந்த பலகாரம் வீட்டு ஓடிஜியில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்தப் பள்ளிகளில் செய்து காட்டும் வகுப்பு, கையால் செய்யும் வகுப்பு என்று இரண்டும் இருக்கின்றன. முன்னதில் நீங்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கடைசியில் ருசி பார்ப்பீர்கள், அவ்வளவுதான். பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டினால் இது தவறிப்போகும். விளக்கத்தை முழுக்கப் படியுங்கள்.

மூன்றாவது, என் மனத்துக்கு நெருக்கமானது, வீட்டில் நடத்தும் வகுப்பு. பேஸ்ட்ரி தொழிலில் இருந்தவரோ இருப்பவரோ தன் வீட்டு அடுப்படியில் நான்கு பேருக்குக் கற்றுத் தருவார். ஓவன் நம் வீட்டு ஓவன் அளவுதான். மெஷின் இருக்காது, கையால்தான் எல்லாம். ஓவனின் ஒரு மூலை மட்டும் அதிகம் சூடாகும், தட்டைப் பாதியில் திருப்ப வேண்டும் என்பது போன்றவற்றை அங்கேதான் கற்க முடியும். ஆபத்தும் இதில்தான் அதிகம், ஆசிரியரைப் பொறுத்து வகுப்பு மிக நன்றாகவோ வெறும் அரட்டையாகவோ போகும். கருத்துகளைப் படிக்கும்போது ‘மிக இனிமையானவர்’ என்பதைத் தாண்டி, யாராவது ‘வீட்டில் திரும்பச் செய்தேன், வந்தது’ என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, நடந்துகொண்டிருக்கும் ஒரு பேக்கரியின் உள்ளறை. சில கடைகள் காலையில் சிறு குழுக்களை உள்ளே அழைத்துச் சென்று காட்டுகின்றன, கொஞ்சம் சுருட்டவும் விடுகின்றன. வேலையின் வேகத்தைப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் இதைக் கற்கும் இடமாகக் கணக்கிடக் கூடாது. கடைக்குச் சரக்கு போய்க்கொண்டே இருக்க வேண்டும், உங்கள் கோணல் குரோசானுக்காக யாரும் நிற்க முடியாது. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கேயே பிசைந்து அங்கேயே சுட்ட ரொட்டியை விற்கும் கடைதான் ‘புலான்ஜெரி’ (ரொட்டிக்கடை) என்று பலகை மாட்ட முடியும். அந்த நிபந்தனை ரொட்டிக்குத்தான், குரோசானுக்கு இல்லை. ஆலையிலிருந்து உறைந்த நிலையில் வரும் குரோசானை அங்கே சுட்டு மட்டும் விற்கிற கடைகளும் இருக்கின்றன. ‘குரோசான் இங்கேயே செய்கிறீர்களா?’ என்று நேராகக் கேட்டால் செய்பவர்கள் பெருமையோடு பதில் சொல்வார்கள்.

இந்த இடத்தில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. பாரிஸ் உணவக அடுப்படிகளிலும் பேக்கரிகளிலும் ஈழத்தமிழர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பகெத்துக்கான (நீளமான பிரெஞ்சு ரொட்டி) பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தமிழர் தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் பிரனே தெருவில் இருக்கிறது அவர் கடை. அந்தப் பரிசை வெல்பவர் ஓராண்டு முழுக்க அதிபரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுப்பது வழக்கம். அந்தக் கடைக்கு ஒரு காலை போய் வருவது எந்த வகுப்போடும் சேர்த்துக்கொள்ள வேண்டியது என்பது என் கருத்து. உங்கள் உறவினர் யாராவது அங்கே பேக்கரியில் வேலை பார்க்கிறார் என்றால், ஓர் அதிகாலை உள்ளே நின்று பார்க்க முதலாளியிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் அது காசு கொடுத்து வாங்க முடியாதது.

பாரிஸை விட்டு வெளியே போக நேரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. பிரான்சின் மேற்குப் பகுதியான பிரித்தானியில் துவார்னெனே ஊரில் பிறந்த குயின்-அமான் (வெண்ணெயும் சர்க்கரையும் அடுக்கிச் சுட்டது), கிழக்கே அல்சாஸின் குகெல்ஹோஃப் (வளைய அச்சில் சுடும் கேக்) என்று அந்தந்த மண்ணின் பலகாரத்தை அங்கேயே கற்கலாம். ஆங்கிலம் குறையும், ஊரும் மனிதர்களும் நெருக்கமாவார்கள். முதல் முறை பிரான்ஸ் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்கள் பயண வகுப்பை விட்டுவிடலாம். 90 நாட்களுக்கு மேற்பட்ட படிப்புக்குச் சுற்றுலா விசா செல்லாது, நீண்ட காலத் தங்கல் விசா வேண்டும். பிரான்சின் அரசுச் சான்றிதழான சிஏபி தேர்வுக்குப் பிரெஞ்சு மொழியும் வேண்டும். பெங்களூரில் லவோன் அகாடமி, கோலாலம்பூர் பக்கம் சன்வே பல்கலைக்கழகத்தோடு இணைந்த லெ கோர்தோன் ப்ளூ கிளை என்று நமக்கு அருகிலேயே இடங்கள் இருக்கின்றன. அங்கே அடிப்படையை முடித்துவிட்டுப் பாரிஸ் போனால் அந்தச் செலவுக்குப் பொருள் இருக்கும்.

முட்டை, ஜெலட்டின், மது

சைவக் குடும்பங்கள் இதைத் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு மக்கரோனும் ஷூவும் முற்றிலும் கிடையாது, அவற்றின் உடலே முட்டைதான். டார்ட் மாவிலும் உள்ளே வைக்கும் கிரீமிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஆனால் குரோசான் மாவில் பொதுவாக முட்டை சேர்ப்பதில்லை. சுடுவதற்கு முன் மேலே பூசுவதுதான் முட்டை, அதற்குப் பதில் பாலோ கிரீமோ பூசலாம். ஈஸ்ட் இல்லாத அடுக்கு மாவில் மைதா, தண்ணீர், உப்பு, வெண்ணெய் தவிர வேறெதுவும் இல்லை. அதில் சர்க்கரை தூவிச் சுருட்டிச் செய்யும் பால்மியேவும் ஆப்பிள் உள்ளீடு வைத்த ஷோசோனும் நமக்கு நன்றாகப் பொருந்தும். குயின்-அமான் மாவில் ஈஸ்ட் உண்டு, ஆனால் பொதுவாக முட்டை இல்லை. ஆக, முட்டை சாப்பிடாதவருக்கு நான் மேலே சொன்ன வரிசை தலைகீழாகும்: குரோசானோ அடுக்கு மாவோதான் முதல் தேர்வு, இரண்டு நாள் ஆனாலும் சரி.

முட்டை சாப்பிடுபவர்களும் ஜெலட்டினைக் கவனிக்க வேண்டும். மூஸ், கண்ணாடி போல் பளபளக்கும் மேல்பூச்சு, லேசாக நிற்கும் டிப்ளோமாட் கிரீம் ஆகியவற்றில் அது இருக்கும். பிரான்சில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. சைவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் ஆகாது. ரம், கிர்ஷ் போன்ற மதுவும் கிரீம்களில் சாதாரணமாகச் சேரும். முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிட்டால் அகர் அகர் வைத்தோ, மது இல்லாமலோ செய்து தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு சொன்னால் அவர்களாலும் எதுவும் செய்ய முடியாது.

பயணத்தில் எந்த நாள்

பலரும் வகுப்பைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்கிறார்கள், செய்ததை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று. நான் இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் காலையில் வைப்பேன். பாரிஸ் நேரம் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். அதனால் முதல் சில நாட்கள் விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும். ஒன்பதரை மணி வகுப்புக்குத் தெளிந்த தலையோடு போகலாம். அதைவிட முக்கியம், கற்ற பிறகு மீதி நாட்கள் முழுக்கப் பார்ப்பதற்குக் கண் கிடைத்துவிடும். குரோசானைக் குறுக்கே வெட்டி, தேன்கூடு போல அறைகள் திறந்திருக்கின்றனவா, அடியில் மாவு அடர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பீர்கள். எக்லேரின் மேல்தோல் வெடித்திருந்தால் ஏன் என்று தெரியும். கடைசி நாளில் கற்றால் இதற்கெல்லாம் வாய்ப்பில்லை. மக்கரோன் மட்டும் விதிவிலக்கு. ஃப்ரிட்ஜில் சில நாட்கள் தாங்கும், கைப்பையில் வைத்து எடுத்து வரலாம்.

வளையங்கள், பைப்பிங் முனைகள் வாங்குவதையும் வகுப்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லே ஆல் பக்கம் கோகியேர் தெருவில் தெயிலரென் கடை 1820 முதல் இருக்கிறது, தொழில்முறைச் சமையல்காரர்கள் போகும் இடம். வகுப்பில் எந்த அளவு முனையைக் கையில் பிடித்தீர்கள் என்று தெரிந்த பிறகு போனால் தேவையில்லாததை வாங்க மாட்டீர்கள்.

ஆகஸ்ட் மாதம் பாரிஸ் பேக்கரிகள் பலவும் விடுமுறையில் மூடியிருக்கும், வகுப்புகளும் குறையும். விசா கைக்கு வரும் முன் திருப்பித் தராத கட்டணத்தைக் கட்ட வேண்டாம். எத்தனை நாள் முன்புவரை ரத்து செய்யலாம் என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

வகுப்பு முடிந்து கிளம்பும் முன் ஆசிரியரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: செய்முறைத் தாளில் எழுதியிருக்கும் முட்டை, ஓடு நீக்கி எத்தனை கிராம்? அவர்கள் கணக்கு பெரும்பாலும் 50 கிராம். நம் கடை முட்டை பல நேரம் அதைவிடச் சிறியது. மூன்று முட்டை என்று எழுதியதை அப்படியே உடைத்து ஊற்றினால் ஷூ மாவு கெட்டியாகவே நிற்கும். கிராமில் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டில் தராசில் வைத்து அளந்து ஊற்றுங்கள். கடைசி முட்டையை மட்டும் அடித்து வைத்துக்கொண்டு, கரண்டி நுனியில் முக்கோணம் தொங்கும் வரை சிறிது சிறிதாகச் சேருங்கள்.